எச்ஐவியை எதிர்க்கும் இன்டர்ஃபெரான்: உலகமே சந்தேகப்பட்ட கண்டுபிடிப்பு... யார் இந்த அலிக் ஐசக்ஸ்?

எச்ஐவி வைரஸ் உடலுக்குள் வந்ததும் நேராகத் தேடிப்போவது யாரை தெரியுமா? நம்மைக் காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு செல்களைத்தான். காவல் நிலையத்துக்குள்ளேயே திருடன் புகுந்த மாதிரி.

ஆனா அந்த செல்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. வைரஸ் நுழைந்ததை உணர்ந்த செல், ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. அது பக்கத்து செல்களுக்குப் போகும் எச்சரிக்கை. எச்சரிக்கை கிடைத்த செல்கள் வைரஸை எதிர்க்கத் தயாராகிவிடும். அந்தப் புரதத்தின் பெயர்தான் இன்டர்ஃபெரான்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அலிக் ஐசக்ஸ். எய்ட்ஸ் என்ற நோய் பற்றிய முதல் தகவல் வெளிவந்தது 1981-ல். ஐசக்ஸ் இறந்தது 1967-ல், அதாவது 14 வருஷத்துக்கு முன்பே. எச்ஐவி என்ற பெயரைக்கூட கேள்விப்படாத ஒருவர், அதைப் புரிந்துகொள்ள வழி செய்தது எப்படி? அதற்காக அவர் பட்ட பாடு என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

கிளாஸ்கோ பையன்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1921 ஜூலை 17-ம் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் அலிக் ஐசக்ஸ். அதே ஊரில் மருத்துவம் படித்து 1944-ல் டாக்டர் ஆனார். படிப்பில் கெட்டிக்காரர், பரிசுகளும் வாங்கியவர்.

ஆனா வார்டில் நோயாளிகளைப் பார்ப்பதைவிட, நோய் எப்படி வருகிறது என்று ஆய்வுக்கூடத்தில் தோண்டித் துருவுவதில்தான் அவருக்கு ஆர்வம். கிளாஸ்கோவில் நுண்ணுயிரியல், அடுத்து ஷெஃபீல்டில் இன்ஃப்ளூயன்சா ஆராய்ச்சி. 1948-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் மெக்ஃபார்லேன் பர்னெட். பின்னாளில் 1960-ல் நோபல் பரிசு வென்ற அதே பர்னெட்தான். மெல்போர்னில் கல்யாணமும் ஆனது. மனைவி சூசன்னா ஆஸ்திரேலியாக்காரர்.

1950-களின் தொடக்கத்தில் பிரிட்டன் திரும்பிய ஐசக்ஸ், லண்டனின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இயங்கிய உலக இன்ஃப்ளூயன்சா மையத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. பல நாடுகளில் இருந்து வரும் ஃப்ளூ வைரஸ்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அந்த மையத்தின் வேலை.

ஒரு வைரஸ் இருந்தால் இன்னொன்று ஏன் வருவதில்லை?

மெல்போர்னில் இருந்தே ஒரு கேள்வி ஐசக்ஸை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது.

ஒரு வைரஸ் தொற்றிய செல்லில், இன்னொரு வைரஸ் அவ்வளவு சுலபமாக வளர்வதில்லை. 1930-களிலேயே ஆய்வாளர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். ரிஃப்ட் வேலி காய்ச்சல் வைரஸ் தொற்றிய குரங்குகள், உயிரைக் குடிக்கும் மஞ்சள் காய்ச்சலில் இருந்து தப்பின. வைரஸை வெப்பத்தால் செயலிழக்க வைத்துக் கொடுத்தாலும் இந்தத் தடை ஏற்பட்டது. இதற்கு வைரஸ் குறுக்கீடு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனா காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. முதல் வைரஸ் வாசலை அடைத்துக்கொள்கிறதா, இல்லை உள்ளே இருக்கும் சரக்கையெல்லாம் தின்று தீர்த்துவிடுகிறதா என்று ஆளுக்கொரு விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

1956-ல் சுவிட்சர்லாந்தில் இருந்து ஜீன் லிண்டென்மன் என்ற இளம் ஆய்வாளர் ஒரு வருட உதவித்தொகையில் மில் ஹில்லுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்தது வேறு வேலைக்கு. ஆனா ஐசக்ஸிடம் பேசிப் பார்த்தபோதுதான், இருவரையும் குடைந்துகொண்டிருந்தது ஒரே கேள்வி என்று தெரிந்தது. உடனே சேர்ந்து வேலையில் இறங்கிவிட்டார்கள்.

முட்டைக்குள் கிடைத்த பதில்

சோதனை ரொம்ப எளிமையானது. குஞ்சு வளர்ந்துகொண்டிருக்கும் கோழி முட்டையில் இருந்து சவ்வை எடுத்து, துண்டு துண்டாக வெட்டினார்கள். வெப்பத்தால் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸை அதோடு சேர்த்து ஊறவிட்டார்கள். பிறகு சவ்வை நன்றாகக் கழுவி, புதிய திரவத்தில் போட்டு வைத்தார்கள்.

அடுத்து செய்ததுதான் முக்கியம். அந்தத் திரவத்தை மட்டும் எடுத்து, வைரஸையே பார்க்காத புதிய சவ்வின் மேல் ஊற்றினார்கள். அதன்பிறகு உயிருள்ள வைரஸை விட்டால், அது சரியாக வளரவே இல்லை.

அப்படியென்றால் தடுத்தது வைரஸ் இல்லை. முதல் சவ்வின் செல்கள் தாங்களே ஏதோ ஒரு பொருளைத் தயாரித்து வெளியே விட்டிருக்கின்றன. அதுதான் அடுத்த செல்களைக் காப்பாற்றியிருக்கிறது. இயற்பியலில் எலக்ட்ரான், நியூட்ரான் எல்லாம் இருக்கும்போது உயிரியலுக்கும் அப்படி ஒன்று வேண்டாமா என்ற அரை விளையாட்டுப் பேச்சில் அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வந்தது. 1957 செப்டம்பரில் பிரிட்டனின் ராயல் சொசைட்டி இதழில் இருவரின் கட்டுரைகள் வெளியாயின. அப்போது ஐசக்ஸுக்கு வயசு 36.

ஜப்பானில் யசுயிச்சி நகானோ, யசுஹிகோ கோஜிமா ஆகிய இருவரும் 1954-லேயே இதுபோன்ற ஒரு வைரஸ் தடுப்புப் பொருளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது பிரெஞ்சு மொழியில். அதனால் பலர் கண்ணில் படாமலேயே போய்விட்டது.

இன்டர்ஃபெரான் எப்படி வேலை செய்கிறது?

ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்காரர் தன் வீட்டைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஆனா அவர் போடும் கூச்சலில் மொத்தத் தெருவும் விழித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் கதவைத் தாழ்போடுவார்கள், விளக்கைப் போடுவார்கள், கம்பை எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கூச்சல்தான் இன்டர்ஃபெரான். அது நேராகப் போய் வைரஸைக் கொல்வதில்லை. பக்கத்து செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும். உடனே அந்த செல்லுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு மரபணுவும் வைரஸைத் தடுக்க ஏதாவது ஒரு புரதத்தைத் தயாரிக்கும்.

முதலில் கொண்டாட்டம், அப்புறம் கேலி

பெனிசிலினைக் கண்டுபிடித்த நாடு பிரிட்டன். அதில் காசு பார்த்ததோ பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள். அந்த வருத்தம் பிரிட்டனில் ஆறாமல் இருந்த நேரத்தில்தான் இன்டர்ஃபெரான் செய்தி வந்தது. வைரஸ்களுக்கான பெனிசிலின் என்று பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடின. காப்புரிமை எடுக்கப்பட்டது. கிளாக்ஸோ, ஐசிஐ, பரோஸ் வெல்கம் என்று மூன்று மருந்து நிறுவனங்கள் கைகோத்தன.

ஆனா ஒரு பெரிய சிக்கல். செல்கள் இன்டர்ஃபெரானைத் துளித்துளியாகத்தான் தயாரிக்கும். அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேதியியலாளர் டெரெக் பர்க் வருடக்கணக்கில் போராடிப் பார்த்தார். கோழி இன்டர்ஃபெரான் மனித செல்லில் வேலை செய்யாது என்பது இன்னொரு தலைவலி.

சுத்தமான பொருளைக் கையில் எடுத்துக் காட்ட முடியாததால் சந்தேகம் கிளம்பியது. அப்படி ஒரு பொருளே கிடையாது, செயலிழந்த வைரஸின் மிச்சத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். தவறாகப் புரிந்துகொள்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இன்டர்ஃபெரானையும் ஒட்டி, மிஸ்இன்டர்ப்ரெட்டான் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

1962-ல் ஒரு நம்பிக்கை வந்தது. குரங்கு செல்லில் தயாரித்த இன்டர்ஃபெரானைத் தன்னார்வலர்களின் தோலில் செலுத்தினார்கள். பிறகு அதே இடத்தில் அம்மை தடுப்பூசி போட்டபோது, அதில் இருந்த வைரஸ் பல பேருக்குப் பிடிக்கவில்லை. மனிதர்களிடமும் இன்டர்ஃபெரான் வேலை செய்யும் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். ஆனா அடுத்து ஜலதோஷத்துக்கு எதிராக நடந்த சோதனையில் பலன் இல்லை. 1965-ல் வெளியான அந்த முடிவு எல்லாருடைய உற்சாகத்தையும் வடித்துவிட்டது.

உடைந்துபோன உடம்பும் மனசும்

வெளியே இப்படி என்றால், ஐசக்ஸுக்கு உள்ளுக்குள் வேறொரு போராட்டம். 1950-களின் இறுதியில் இருந்தே கடுமையான மனச்சோர்வு நோய் அவரை வாட்டியது. நன்றாக இருக்கும் நாளில் சிரிப்பும் பேச்சுமாக ஆய்வுக்கூடத்தையே கலகலப்பாக வைத்திருப்பார். நோய் முற்றினால் சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நிலையிலும் 1961-ல் வைரஸ் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஆனார்.

1963-ல் இன்னொரு கருத்தை முன்வைத்தார். செல்லுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது? தனக்குச் சொந்தமில்லாத மரபுப் பொருள், அதாவது அந்நிய ஆர்என்ஏ அல்லது டிஎன்ஏ உள்ளே வந்தால் செல் அதை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரானைத் தயாரிக்கிறது என்றார். இதையும் பலர் ஏற்கவில்லை. ஐசக்ஸின் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே முடிவு கிடைக்காததுதான் காரணம்.

1964 ஜனவரியில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்தாலும் பழைய வேகம் திரும்பவில்லை. பெரிய பொறுப்பில் இருந்து விலகி, இன்டர்ஃபெரான் ஆராய்ச்சிக்கு மட்டுமான சின்ன ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்டார். 1966-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருஷமே, 1967 ஜனவரி 26-ம் தேதி, லண்டனில் உயிர் பிரிந்தது. வயசு வெறும் 45. மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுப் போனார். சுத்தமான இன்டர்ஃபெரானை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

அவர் போன பிறகு கிடைத்த பதில்கள்

அதே 1967-ல் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மேன் குழு ஒரு விஷயத்தை உறுதி செய்தது. இரட்டை இழை ஆர்என்ஏவைக் கொடுத்தாலே செல்கள் இன்டர்ஃபெரானைத் தயாரிக்கும். மரபுப் பொருளே எச்சரிக்கையைத் தூண்டுகிறது என்ற ஐசக்ஸின் எண்ணம் அடிப்படையில் சரிதான்.

ஃபின்லாந்தில் காரி கன்டெல், தானமாகக் கிடைத்த ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் இருந்து மனித இன்டர்ஃபெரானை அதிக அளவில் தயாரித்தார். 1973-ல் அதைக் கூடுதல் டோஸில் கொடுத்தபோது ஜலதோஷம் தடுக்கப்பட்டது. முன்பு தோற்றதற்குக் காரணம் கருத்து தப்பு என்பதல்ல, டோஸ் போதவில்லை, அவ்வளவுதான்.

1980-ல் சார்லஸ் வைஸ்மன் குழு மனித இன்டர்ஃபெரான் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்கும் வழியை அறிவித்தது. 1986-ல் அமெரிக்காவில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. பிறகு ஹெபடைடிஸ் பி, சி நோய்களுக்கும் அது மருந்தானது.

இதற்கிடையில் உலகத்துக்குப் புதிய எதிரி வந்துவிட்டது. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எச்ஐவி கண்டறியப்பட்டது.

எச்ஐவியிடம் இருந்து செல்லைக் காப்பது எப்படி?

எச்ஐவி முக்கியமாகத் தாக்குவது சிடி4 டி செல்களையும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்களையும். இன்டர்ஃபெரான் எச்சரிக்கை கிடைத்த செல்லில், வைரஸின் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காவலாளி நிற்பார்.

வாசலில்: ஐஃபிட்எம் புரதங்கள் செல்லின் சவ்வை இறுக்கி, வைரஸ் அதோடு கலந்து உள்ளே நுழைவதைக் கடினமாக்கும்.

உள்ளே வந்ததும்: வைரஸின் மரபுப் பொருள் ஒரு கூட்டுக்குள் இருக்கும். ட்ரிம்5 ஆல்ஃபா என்ற புரதம் அந்தக் கூட்டைப் பிடிக்கப் பார்க்கும்.

நகல் எடுக்கும்போது: எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றியாக வேண்டும். அதற்கான மூலப்பொருளை சாம்எச்டி1 என்ற புரதம் செல்லில் குறைத்துவிடும். செங்கல் இல்லாமல் வீடு கட்ட முடியுமா?

உட்கருவின் வாசலில்: எம்எக்ஸ்2 என்ற புரதம், வைரஸின் டிஎன்ஏ உட்கருவுக்குள் போவதைத் தடுக்கும். 2013-ல் இதைக் கண்டறிந்த குழுக்களில் ஒன்று ஐசக்ஸ் வேலை பார்த்த அதே லண்டன் நகரில் இருந்தது.

அடுத்த தலைமுறை வைரஸில்: அபோபெக்3ஜி என்ற புரதம் புது வைரஸோடு ஏறிக்கொண்டு, அதன் மரபு எழுத்துகளை மாற்றி எழுதிக் கெடுத்துவிடும்.

வெளியேறும்போது: டெதரின் என்ற புரதம், வெளியே கிளம்பும் வைரஸைக் கயிறு கட்டினது போல செல்லின் மேலேயே பிடித்து வைக்கும்.

எச்ஐவி சும்மா இருக்குமா?

இத்தனை காவல் இருந்தும் எச்ஐவி ஜெயிக்கிறதே, எப்படி? அதன் கையிலும் ஆயுதம் இருக்கிறது.

அபோபெக்3ஜியை அழிக்க விஃப் என்ற புரதத்தை எச்ஐவி வைத்திருக்கிறது. டெதரினின் கயிற்றை அவிழ்க்க விபியு இருக்கிறது. மனிதர்களின் ட்ரிம்5 ஆல்ஃபாவிடம் இருந்து அது பெரும்பாலும் நழுவிவிடும். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் புதிதாகத் தொற்றும் எச்ஐவி வைரஸ்கள், இன்டர்ஃபெரானைத் தாங்கும் திறன் அதிகம் உள்ளவையாக இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஐசக்ஸின் 1963 கருத்து இங்கேதான் திரும்ப வருகிறது. செல்லுக்குள் இருக்கும் சிகாஸ் என்ற உணரி, எச்ஐவி தயாரிக்கும் டிஎன்ஏவை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் எச்சரிக்கையைத் தூண்ட முடியும் என்று 2013-ல் தெரியவந்தது. ஆனா எச்ஐவி தன் டிஎன்ஏவைக் கூட்டுக்குள் மறைத்தே எடுத்துப் போவதால், பல நேரம் உணரியின் கண்ணில் படுவதில்லை. கூச்சல் போடும் முன்பே திருடன் வேலையை முடித்துவிடுகிறான்.

அப்போ இன்டர்ஃபெரானையே மருந்தா கொடுக்கலாமே?

நியாயமான கேள்விதான். 2014-ல் வெளியான குரங்கு ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொன்னது. எச்ஐவியின் உறவுக்கார வைரஸான எஸ்ஐவியை வைத்து நடந்த ஆய்வு அது.

தொற்றின் தொடக்கத்தில் இன்டர்ஃபெரானின் செயலைத் தடுத்த குரங்குகளுக்கு, வைரஸ் அதிகம் பதுங்கியது, நோயும் வேகமாக முற்றியது. முன்கூட்டியே இன்டர்ஃபெரான் கொடுத்த குரங்குகளுக்கு முதலில் நல்ல பாதுகாப்பு கிடைத்தது. ஆனா தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தபோது செல்கள் அதற்குப் பழகிவிட்டன. எதிர்ப்பு குறைந்தது, சிடி4 செல்கள் இன்னும் அதிகமாக அழிந்தன.

ராத்திரி பூரா ஓயாமல் கூச்சல் கேட்டால் தெருக்காரர்கள் என்ன ஆவார்கள்? களைத்துப் போவார்கள், ஒரு கட்டத்தில் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். நாள்பட்ட எச்ஐவி தொற்றில் நடப்பதும் இதுதான். அணையாத எச்சரிக்கை, நோய் எதிர்ப்பு மண்டலத்தையே தேய்த்துவிடுகிறது. ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளுக்கு எஸ்ஐவி இருந்தாலும் பொதுவாக எய்ட்ஸ் வருவதில்லை. தொற்று வந்ததும் அவற்றின் உடலில் இன்டர்ஃபெரான் வேகமாக எழும்பி, சில வாரங்களில் அடங்கிவிடுகிறது.

எச்சரிக்கை நேரத்துக்கு வர வேண்டும், வேலை முடிந்ததும் ஓய வேண்டும். அதனால்தான் இன்டர்ஃபெரான் இன்று எச்ஐவிக்கான வழக்கமான சிகிச்சை இல்லை. கூட்டு மருந்து சிகிச்சையான ஏஆர்டிதான் வைரஸைக் கட்டுக்குள் வைக்கிறது. அதைத் தினமும் தவறாமல் எடுத்துக்கொள்வது முக்கியம். உடலில் ஒளிந்திருக்கும் மிச்ச வைரஸை ஒழிக்க, இன்டர்ஃபெரானை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்ற ஆராய்ச்சி தொடர்கிறது.

ஒரு முட்டைச் சவ்வில் தொடங்கிய கதை

இன்டர்ஃபெரான் என்ற ஒன்றே கிடையாது என்று ஐசக்ஸ் காலத்தில் சொன்னார்கள். ஆனா எச்ஐவியைப் பாருங்கள். மரபணுக்களே ஒன்பதுதான். அதில் விஃப், விபியு என்று இரண்டு, இன்டர்ஃபெரான் எழுப்பிவிடும் காவலாளிகளைச் சமாளிக்கும் வேலையையும் செய்கின்றன. இல்லாத ஒன்றுக்காக எந்த வைரஸும் இவ்வளவு மெனக்கெடாது.

அந்தச் சாட்சியைப் பார்க்க ஐசக்ஸ் இல்லை. அவரோடு சேர்ந்து அந்தச் சவ்வுகளைக் கழுவிய லிண்டென்மன் 2015 வரை வாழ்ந்தார். மிஸ்இன்டர்ப்ரெட்டான் என்று கேலி செய்யப்பட்ட பொருள், உலகம் முழுக்க மருந்தாகவும் எச்ஐவி ஆராய்ச்சியின் முக்கியப் பாடமாகவும் ஆனதை இருவருக்குமாகச் சேர்த்து அவர்தான் பார்த்தார்.